தறிக்குத் திரும்பும் தாய்மார்கள்

அங்கத்தினர் கல்விப் பாடம்

நெசவாளர் குடும்பங்களில் பெண்கள் தறியை விட்டு இறங்குவது பெரும்பாலும் எவ்வித அறிவிப்புமின்றி நடைபெறுகிறது. தலைப்பிள்ளை வயிற்றில் வளரும் மாதங்களில் குழித்தறியில் இறங்கி அமர்வது கடினமாகிறது. ஓடிக்கொண்டிருக்கும் பாவை நெய்து முடித்துக் கொடுத்துவிட்டு, "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். பிள்ளை தவழ்கிறது, நடக்கிறது; அடுத்த பிள்ளையும் பிறக்கிறது. ஐந்து ஆண்டுகளோ எட்டு ஆண்டுகளோ கழிந்து, இளைய பிள்ளையும் பள்ளிக்குச் செல்லத் தொடங்கியபின், அந்தத் தாய் மீண்டும் தறியேற எண்ணுகிறார். இறங்கியபோது ஒருவரும் கேட்கவில்லை. ஏறும்போது எல்லோரும் கேட்கிறார்கள்: "இனி உன்னால் முடியுமா? கை ஓடுமா? வீட்டை யார் பார்ப்பது?"

இவை வீண் கேள்விகள் அல்ல. விடை காணாமல் தறியேறியவர்கள் இரண்டொரு பாவு முடிவதற்குள் மனம் சோர்ந்து இறங்கிவிடுவதுண்டு. ஆனால் இக்கேள்விகளை அந்தத் தாய் ஒருவரிடமே கேட்டுவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வது நியாயமாகாது. அவற்றுள் ஒரு பகுதிக்கு அவர் விடை சொல்ல வேண்டும். ஒரு பகுதிக்குக் குடும்பம் சொல்ல வேண்டும். மற்றொரு பகுதிக்குச் சங்கம் சொல்ல வேண்டும். இம்மாதப் பாடத்தில் இம்மூன்றையும் தனித்தனியே எடுத்து ஆராய்வோம்.

1. வீட்டிலிருந்த ஆண்டுகள்

முதலில் ஒரு சொல்லைத் திருத்திக்கொள்ள வேண்டும். "இத்தனை ஆண்டுகள் சும்மா வீட்டில் இருந்தார்" என்று பேசுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பிள்ளைகளைப் பெற்று வளர்ப்பது சும்மா இருப்பதா என்னும் பெரிய கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். நெசவுக் கணக்கை மட்டும் பார்த்தாலும் இந்தப் பேச்சு உண்மைக்குப் பொருந்தாது.

ஒரு சேலை தறியிலிருந்து இறங்குவதற்கு முன் எத்தனை வேலைகள்! சிட்ட நூலைப் பிரிக்க வேண்டும். இராட்டையில் தார் சுற்ற வேண்டும். பாவு ஓட வேண்டும். கஞ்சி போட்டு உலர்த்த வேண்டும். பழைய பாவின் நுனியோடு புதிய பாவை இழை இழையாகப் பிணைக்க வேண்டும். நெய்கிறவர் நாடாவை ஓட்டுகிறார் என்றால், அந்த நாடாவுக்குள் இருக்கும் தாரைச் சுற்றிக் கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார். பெரும்பாலான வீடுகளில் அவர் அந்தத் தாயே. அடுப்பில் உலை ஏறியிருக்கும்போதும், தொட்டிலை ஒரு காலால் ஆட்டிக்கொண்டும் அவர் சுற்றிய தார்தான் வீட்டுத் தறியை நிற்காமல் ஓட்டியது.

2019-20ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் நெசவிலும் நெசவைச் சார்ந்த வேலைகளிலும் ஈடுபட்டோர் 35 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். அவர்களில் நூற்றுக்கு 70 பேருக்கு மேல் பெண்கள். கைத்தறி என்றவுடன் நம் மனக்கண்ணில் ஓர் ஆணின் உருவம் தோன்றுமானால், அது பழக்கத்தால் வந்த பிழையே.

ஆகவே, அந்தத் தாய் தொழிலை விட்டுப் போய்த் திரும்புகிறவர் அல்லர். தொழிலுக்குள்ளேயே ஓர் இடத்திலிருந்து வேறோர் இடத்திற்கு மாறுகிறார். முன்னைய இடத்திற்குக் கூலியும் இல்லை, பதிவேட்டில் பெயரும் இல்லை. பின்னைய இடத்திற்கு இரண்டும் உண்டு. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் மேலே சொல்லப்போகும் விஷயங்கள் எளிதில் விளங்கும்.

2. கை மறவாதது எது, மறந்தது எது?

பல ஆண்டுகள் தறியில் அமர்ந்த கைக்கும் காலுக்கும் ஒரு நினைவு உண்டு. மிதியை அழுத்துவதும், பாவு விரிவதும், நாடா ஓடுவதும், பலகை வந்து ஊடையை அடிப்பதும் ஒரு தாளமாக உடலில் படிந்திருக்கும். அறுந்த இழையைக் கண்டுபிடித்து விழுதிலும் அச்சிலும் மீண்டும் கோத்து முடிச்சிடும் வித்தை அவ்வளவு எளிதில் மறப்பதில்லை. பாவின் விறைப்பு சரியா என்பதை உள்ளங்கையால் தடவிப் பார்த்தே சொல்லும் திறமும் அப்படியே இருக்கும். இவை கற்பதற்கு ஆண்டுகள் பிடித்தவை. புதிதாகச் சேரும் ஒருவரிடம் இல்லாதவை.

குறைந்து போகிறவையும் உண்டு. வேகம் முதலில் குறையும். அடியின் சமச்சீர் அடுத்தபடியாகக் குறையும். ஒரு முழம் நெருக்கமாகவும் மறுமுழம் தளர்ச்சியாகவும் விழும். கரை நேராக வராமல் உள்ளே இழுக்கும். முதுகும் தோளும் ஒரு மணி நேரத்திலேயே வலிக்கும். நாற்பது வயதை நெருங்கியவர்களுக்கு அருகில் உள்ள மெல்லிய இழை தெளிவாகத் தெரியாது. கை பிசகுகிறது என்று பலர் வருந்துவது உண்மையில் கண் பிசகுவதாகவே இருக்கும். அறுவைச் சிகிச்சையால் பிள்ளை பெற்றவர்களும் முதுகுவலி உள்ளவர்களும் குழியில் இறங்கி அமருமுன் மருத்துவரின் யோசனையைக் கேட்பது அவசியம். இவர்களுக்குச் சட்டத் தறி அதிகச் சௌகரியமாக இருக்கக்கூடும்.

வெளியே மாறிப்போனவை மூன்றாவது வகை. முன்பு நெய்த ரகம் இப்போது விலை போகாதிருக்கலாம். ஜக்கார்டு அட்டைக்குரிய டிசைன் இன்று கம்ப்யூட்டரில் வரையப்படுகிறது. கூலி வங்கிக் கணக்கில் வந்து சேருகிறது. இவை ஓரிரு வாரங்களில் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடியவை. ஆனால் கேட்பதற்குக் கூச்சப்படுவதாலேயே பலர் பின்வாங்குகிறார்கள். சேலத்திலும் காஞ்சிபுரத்திலும் சென்னையிலும் உள்ள நெசவாளர் சேவை மையங்கள் புதிய டிசைனையும் சாய நுணுக்கங்களையும் நெசவாளருக்குக் கற்பிப்பதற்காகவே ஏற்பட்டவை. அங்கே சென்று கேட்பதில் கூச்சத்துக்கு இடமில்லை.

3. முதல் மூன்று பாவுகள்

திரும்புகிறவர் முதல் நாளிலேயே பழைய வேகத்தை எதிர்பார்ப்பதுதான் பெரிய தடை. கீழ்க்கண்ட முறை பயன்படும்.

முதலில் தறியைச் சீர்செய்ய வேண்டும். பல ஆண்டு ஓடாத தறியில் அச்சு துருப்பிடித்திருக்கும், விழுது நைந்திருக்கும், மரம் வளைந்திருக்கும். கெட்ட அச்சில் நல்ல கை நெய்தாலும் இழை அறுந்துகொண்டேயிருக்கும். அந்தப் பழியைத் தம் கையின்மேல் போட்டுக்கொள்ளாதிருக்கத் தறியை முன்னதாகவே பரிசோதித்துவிட வேண்டும். கண்ணையும் அவ்வாறே பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, முதற் பாவு குறுகியதாகவும் எளியதாகவும் இருக்கட்டும். துண்டோ, கட்டமில்லாத சாதாரண வேட்டியோ, தடித்த நூல் ரகமோ ஏற்றது. முதல் வாரம் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் அமர வேண்டாம். இரண்டாவது பாவில் நேரத்தைக் கூட்டலாம். மூன்றாவது பாவில் தாம் முன்பு நெய்து பழகிய ரகத்துக்குப் போகலாம்.

ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்வது நலம். இன்று எத்தனை மணி நேரம் அமர்ந்தோம், எத்தனை முழம் நெய்தோம், எத்தனை இழை அறுந்தது என்று மூன்றே எண்களை எழுதினால் போதும். ஒப்பீடு அந்தப் புத்தகத்தின் முந்திய வாரத்தோடு இருக்கட்டும். அடுத்த வீட்டு இருபது வயதுப் பெண்ணோடு வேண்டாம்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குழியில் நீர் ஊறும். பாவுக்குக் கஞ்சி போட்டு உலர்த்தவும் வெயில் இராது. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் சங்கமும் அவசரத்தில் இருக்கும். அந்த நாட்களில் தொடங்குகிறவருக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுக்க ஆள் கிடைக்காது. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தை ஒட்டித் தொடங்கினால், மழை வருமுன் மூன்று பாவுகளை முடித்துவிட அவகாசம் கிடைக்கும்.

4. சங்கத்துக்கு நஷ்டமா? ஒரு கணக்கு

"மெதுவாக நெய்கிறவருக்குப் பாவு கொடுத்தால் சங்கத்துக்கு நஷ்டம்" என்று நிர்வாகக் குழுவில் சிலர் சொல்லக்கூடும். இதைக் கோபத்தால் மறுக்க வேண்டியதில்லை, கணக்கால் மறுக்கலாம்.

எடுத்துக்காட்டாக, நான்கு சேலைகளுக்கான பாவு ஒன்றைக் கொள்வோம். பழகிய நெசவாளர் சேலைக்கு மூன்று நாளாகப் பன்னிரண்டு நாளில் முடிக்கிறார். திரும்பி வந்தவர் முதல் இரண்டு சேலைகளுக்கு ஐந்தைந்து நாளும், அடுத்த இரண்டுக்கு நான்கு நான்கு நாளும் எடுத்து, 18 நாளில் முடிக்கிறார். தாமதம் ஆறு நாள். கூலி சேலைக்கு இவ்வளவு என்றிருப்பதால், சங்கம் கூடுதலாகக் கூலி கொடுப்பதில்லை. சங்கத்தின் நூல் ஆறு நாள் அதிகமாக அவர் வீட்டில் இருக்கிறது, அவ்வளவுதான். பாவு, ஊடை இரண்டின் மதிப்பும் சேர்ந்து 3,000 ரூபாய் என்றும், சங்கம் வாங்கிய கடனுக்கு ஆண்டு வட்டி நூற்றுக்கு 12 என்றும் வைத்துக்கொண்டால், ஆறு நாள் வட்டி ஆறு ரூபாய்க்கும் குறைவு. 40,000 ரூபாய் மதிப்புள்ள பட்டும் ஜரிகையும் என்றாலும் 80 ரூபாயைத் தாண்டாது.

ஆறு ரூபாய் கூடுதல் செலவில், பல ஆண்டுப் பயிற்சி பெற்ற ஒரு நெசவாளரைச் சங்கம் மீட்டுக்கொள்கிறது. புதியவர் ஒருவரைத் தொடக்கத்திலிருந்து பழக்குவதானால் எத்தனை மாதமாகும், எத்தனை நூல் வீணாகும் என்பதை நம் அங்கத்தினருக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிழைத்துணி பற்றிய அச்சமும் உண்டு. முதல் பாவில் பிழை வருவது இயல்பு. பிழைக்குப் பிடித்தம் செய்வது சங்கத்தின் உரிமையே. ஆயினும் பிடித்தம் மட்டும் செய்துவிட்டுப் பிழையின் காரணத்தைச் சொல்லாதுபோனால் அடுத்த பாவிலும் அதே பிழை வரும். மூத்த நெசவாளர் ஒருவர் பாவு ஏற்றிய மூன்றாம் நாள் நேரில் சென்று, கரை இழுப்பையும் அடியின் நெருக்கத்தையும் பார்த்துச் சொல்வாரானால் பாதிப் பிழை அன்றே நீங்கும்.

5. வீட்டின் பொறுப்பு

இனிக் குடும்பத்துக்குரிய பகுதியைப் பார்ப்போம். பல வீடுகளில் தாயின் முயற்சி தோற்பது இங்கேதான்.

முதலாவது, நேரத்தின் தன்மை. தறியில் மூன்று முறை ஒரு மணி நேரம் அமர்வது மூன்று மணி நேரத்துக்குச் சமமாகாது. இறங்கி ஏறும்போதெல்லாம் கையின் தாளம் கெடுகிறது. அடியின் அளவு மாறுகிறது. துணியில் கோடு விழுகிறது. ஆகவே நாளில் ஒருமுறையேனும் தொடர்ந்து இரண்டரை மணி நேரம் தடையின்றிக் கிடைக்க வழிசெய்ய வேண்டும். அந்த நேரத்தில் கதவைத் தட்டுகிறவருக்குப் பதில் சொல்வதும், தண்ணீர் பிடிப்பதும், முதியவருக்குக் கஞ்சி கொடுப்பதும் வேறொருவர் பொறுப்பாக இருக்க வேண்டும்.

இதில் அரசு ஏற்பாடுகள் முன்பைவிட இன்று பெரிதும் துணைசெய்கின்றன. காமராஜர் ஆட்சியில் 1956இல் பள்ளிகளில் மதிய உணவு வந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்து பள்ளி செல்லாத சிறு குழந்தைகளையும் எட்டியது. 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டு, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிவாக்கப்பட்டது. இவற்றைப் பிள்ளைகளின் வயிற்றுக்கான திட்டங்கள் என்றே நாம் பேசுகிறோம். தாயின் காலை நேரத்துக்கும் அவை பெருந்துணை என்பதைக் கவனிக்க வேண்டும். காலை இளங்குளிரில் பாவு இழை ஈரப்பதத்தோடு இருக்கும், அறுப்பு குறைவு. அந்த நேரத்தில் அடுப்படியில் ஒரு வேலை குறைந்தால் தறியில் அரை மணி கூடும். பள்ளி வயதை எட்டாத குழந்தைகளுக்கு அங்கன்வாடி உண்டு. வீட்டில் தவழும் குழந்தை இருந்தால், ஓடாத நேரத்தில் தறிக்குழியைப் பலகையால் மூடி வைக்க மறக்கலாகாது.

இரண்டாவது, உதவியாளின் இடம். இதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கணவர் தறிக்கு இதுவரை தார் சுற்றியவர் அவரே. அவர் தாமும் தறியேறினால், சுற்ற வேண்டிய தார் இரண்டு மடங்காகிறது; சுற்றும் கை இல்லாமற்போகிறது. முன்னேற்பாடு செய்யாவிடில் கணவரின் நெசவு குறையும்; "நீ தறியேறி என்ன பயன்?" என்ற பேச்சு எழும். இல்லையேல் அந்தத் தாயே இருதறிக்கும் இரவில் விழித்துத் தார் சுற்றுவார். ஓரிரு மாதத்தில் உடல் தளர்ந்து தறியைவிட்டு இறங்குவார்.

எனவே தறியேறுமுன் குடும்பத்தினர் ஒருநாள் உட்கார்ந்து, தார் சுற்றுவது யார், தண்ணீர் எடுப்பது யார், சமையலில் எது யாருடையது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். அவரவர் தறிக்கு அவரவரே பாதித் தார் சுற்றிக்கொள்ளலாம். மாமனார், மாமியார் உடல்நிலைக்கேற்ப மீதியைச் செய்யலாம். கையால் சுற்றும் இராட்டைக்குப் பதில் சிறு மோட்டார் வைத்த இராட்டை ஒன்றை இரண்டு மூன்று வீடுகள் கூட்டாக வாங்கிக்கொள்ளலாம்; அதற்கு ஆகும் நேரம் கையிராட்டையைவிட வெகு குறைவு.

இங்கே ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். தாய்க்குப் பதிலாக மூத்த பெண்பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி அடுப்படியில் விடுவது எக்காரணத்தாலும் கூடாது. தாயின் வாழ்வில் விழுந்த இடைவெளியை அடைக்க மகளின் வாழ்வில் ஒரு பள்ளத்தைத் தோண்டுவது கணக்கிலும் நஷ்டம், தர்மத்திலும் பாவம்.

6. எவர் பெயரில் கூலி?

இப்பாடத்தின் மையமான விஷயம் இதுவே. திரும்பி வந்த தாய் நெய்த துணி, எவர் பெயரில் சங்கத்துக்குப் போகிறது?

பல வீடுகளில் கணவரின் அங்கத்தினர் எண்ணிலேயே இருவர் துணியும் போகிறது. "ஒரே வீடுதானே, இதில் என்ன?" என்பார்கள். வீடு ஒன்றே; ஆனால் பதிவேடு பெயரைத்தான் பார்க்கிறது. நெசவாளர் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டத்தில் கூலியில் ஒரு பங்கு பிடிக்கப்பட்டு, அரசும் தன் பங்கைச் சேர்க்கிறது. அந்தச் சேமிப்பு, நெய்தவர் பெயரில் கூலி பதிவாகியிருந்தால்தான் அவருக்குச் சேரும். முதுமைக் கால ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும்போது, சங்கத்தில் நெய்ததற்கான ஆதாரத்தைக் கேட்பார்கள். இருபது ஆண்டு நெய்தும் ஏட்டில் ஒரு வரியேனும் தம் பெயரில் இல்லாத பெண்மணி, அந்த நாளில் எதைக் காட்டுவார்? கணவர் காலமான பிறகு இந்தக் கேள்வி எத்தனையோ வீடுகளில் எழுகிறது. அப்போது எழுதிச் சேர்க்க முடியாது.

ஆகவே தறியேறும் நாளிலேயே அங்கத்தினர் பதிவைச் சரிபார்க்க வேண்டும். முன்பு அங்கத்தினராக இருந்தவரானால், இடைப்பட்ட காலத்தில் பெயர் நீக்கப்பட்டிருக்கிறதா என்று செயலாளரிடம் கேட்டு, துணைவிதிகளின்படி புதுப்பித்துக்கொள்ள வேண்டும். புதியவரானால் பங்குத் தொகை செலுத்தித் தம் பெயரில் சேர வேண்டும். வங்கிக் கணக்கும் தம் பெயரிலேயே இருக்கட்டும். அதில் எடுப்பதும் போடுவதும் தாமே தெரிந்திருக்கட்டும்.

பயிர்த்தொழில் செய்யும் அங்கத்தினர் வீடுகளிலும் நிலைமை இதுவே. மாட்டுக்குத் தீனி வைப்பவரும், தொழுவம் கூட்டுபவரும், கறப்பவரும் வீட்டுப் பெண்மணி. பால் சங்கத்தில் ஊற்றும் பால் மட்டும் கணவர் பெயரில். பிள்ளை வளர்ப்பு முடிந்து மீண்டும் வயல் வேலையைப் பொறுப்பேற்கும் பெண், பயிர்க்கடன் கேட்டுக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனால், நில ஆவணத்தில் பெயர் இல்லை என்று திரும்புகிறார். பெண்மக்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்குரிமை தந்து 1989இல் தமிழ்நாடு அரசும், 2005இல் மத்திய அரசும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தின. சட்டம் திறந்த கதவு பல ஊர்களில் இன்னும் வழக்கத்தால் சாத்தியே கிடக்கிறது. நிலத்தில் பெயர் ஏற நாளாகலாம். அதுவரை பால் கணக்கையாவது அவர் பெயருக்கு மாற்றுவதில் ஒரு தடையும் இல்லை. பயிரிலும் தறிபோலவே படிப்படியாகத் தொடங்குவது நலம். முதற்பருவத்தில் நாற்றங்காலோ காய்கறிப் பாத்தியோ கால் ஏக்கர் அளவில் தனிக்கணக்கு வைத்துச் செய்து பார்த்தால், அடுத்த பருவத்துக்கு வேண்டிய துணிவும் கணக்கும் கைக்கு வந்துவிடும்.

7. கேட்பவரும் நாமே, கொடுப்பவரும் நாமே

ஆலையிலும் அலுவலகத்திலும் வேலை செய்யும் பெண்களுக்கு 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் வந்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தால் முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு கூடிய விடுப்பு 26 வாரமாயிற்று. 50 பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகமும் கட்டாயமாயிற்று. இவ்விதிகள் பின்னர் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டன. வீட்டுத் தறியில் அமர்ந்து துணிக்கு இவ்வளவு என்று கூலி பெறும் பெண்ணுக்கு இந்த விடுப்பு எட்டுவதில்லை. ஏனெனில், சட்டம் பிடித்து நிறுத்தி "கொடு" என்று சொல்ல இங்கே முதலாளி என ஒருவர் இல்லை. ஏழைத் தாய்மாருக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் துணைசெய்கிறது. அது பேறுகாலத்துக்கு உரியது; பல ஆண்டு கழித்துத் தொழிலுக்குத் திரும்பும் நாளைப் பற்றி எந்தச் சட்டமும் பேசவில்லை.

கூட்டுறவில் முதலாளி இல்லை என்பதே நம் பெருமை. அந்தப் பெருமைக்குரிய கடமையும் நம்முடையதே. சட்டம் வேறிடங்களில் முதலாளியைச் செய்யச் சொல்வதை, இங்கே நாமே தீர்மானம் போட்டு நமக்கு நாமே செய்துகொள்ள வேண்டும். பெரிய பணம் தேவைப்படாத சில யோசனைகளைக் கீழே தருகிறோம்.

(அ) மகப்பேறு, பிள்ளை வளர்ப்பு காரணமாக நெசவை நிறுத்தும் பெண் அங்கத்தினர் அதை எழுத்து மூலம் சங்கத்துக்குத் தெரிவிக்கலாம். துணைவிதிகள் இடந்தரும் வரையில் அவர் பெயரை நீக்காமல் வைத்திருப்பது. இடந்தராவிடில் துணைவிதியைத் திருத்தப் பொதுப் பேரவையில் தீர்மானம் கொண்டுவருவது.

(ஆ) திரும்பி வருகிறவருக்கு முதல் மூன்று பாவுகள் குறுகிய நீளத்தில், எளிய ரகத்தில், தவணை நாளைத் தளர்த்திக் கொடுப்பது.

(இ) அருகில் வசிக்கும் மூத்த நெசவாளர் ஒருவரை அவருக்குத் துணையாக நியமிப்பது.

(ஈ) அச்சும் விழுதும் புதுப்பிக்கச் சிறு முன்பணம் கொடுத்து, அதைக் கூலியில் பல தவணைகளாகப் பிடித்துக்கொள்வது.

(உ) நூல் கொடுக்கும் நேரத்தையும் துணி வாங்கும் நேரத்தையும், கூட்டம் கூடும் நேரத்தையும், பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் பகற்பொழுதில் வைப்பது. மாலை ஆறு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டுப் பெண்கள் வரவில்லையே என்று குறைசொல்வதில் பொருளில்லை.

8. திரும்பும் சகோதரிக்கு ஒரு சொல்

எல்லோரும் தறிக்குத் திரும்பியே ஆக வேண்டும் என்பது நம் கருத்தன்று. உடல்நிலை இடந்தராதவர் இருப்பார். வேறு வேலையை விரும்புகிறவரும் இருப்பார். வீட்டிலேயே இருந்து நெய்யலாம் என்பது கைத்தறியின் சௌகரியம். "வீட்டில்தானே இருக்கிறாய்" என்று எல்லா வேலையும் உங்கள் தலையில் வந்து விழுவதும் அதே சௌகரியத்தின் மறுபக்கம். இரண்டையும் அறிந்து தீர்மானிப்பது உங்கள் உரிமை.

திரும்புவதென்று தீர்மானித்தால், முதற் பாவின் முதல் முழத்தைக் கண்டு கலங்க வேண்டாம். அது கோணலாகத்தான் வரும். வாரங்கள் செல்லச் செல்ல நோட்டுப் புத்தகத்தின் எண்கள் மாறும். முதற் கூலி சிறிதாக இருந்தாலும் அதை வீட்டுச் சில்லறைச் செலவோடு கலந்துவிடாமல், கணக்கில் உங்கள் பெயருக்கு நேரே எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கேட்பது சங்கத்தின்மேல் உள்ள அவநம்பிக்கையன்று. கணக்குக் கேட்கும் அங்கத்தினரே கூட்டுறவின் காவலர்.

கலந்து பேசுவதற்குரிய வினாக்கள்

(சங்கக் கூட்டத்திலோ, தெருவில் நான்கு வீட்டார் கூடும் இடத்திலோ இவற்றைப் படித்து விவாதிக்க வேண்டுகிறோம்.)

1. நம் சங்கத்தில் கடந்த பத்து ஆண்டுகளில் நெசவை நிறுத்திய பெண் அங்கத்தினர் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேர் திரும்பினர்? திரும்பாதவர்களிடம் காரணம் கேட்டோமா?

2. நம் வீட்டில் ஒரு நாளைக்குத் தார் சுற்றுவதற்கும் பாவு பிணைப்பதற்கும் ஆகும் நேரம் எவ்வளவு? அதைச் செய்பவர் பெயர் எந்தப் பதிவேட்டிலாவது இருக்கிறதா?

3. இருவர் நெய்யும் வீடுகளில், துணி எவர் பெயரில் கொடுக்கப்படுகிறது? பால் ஊற்றும் வீடுகளில், கணக்கு எவர் பெயரில்?

4. மேலே தந்த ஆறு நாள் தாமதக் கணக்கை நம் சங்கத்தின் நூல் மதிப்புக்கும் வட்டிக்கும் ஏற்பப் போட்டுப் பாருங்கள். வரும் தொகை சங்கத்தால் தாங்க முடியாததா?

5. மேலே கூறிய ஐந்து யோசனைகளில், வரும் பொதுப் பேரவைக்குக் காத்திராமல் நிர்வாகக் குழுவே இம்மாதம் தொடங்கக்கூடியவை எவை?